மறுமலர்ச்சி 1453-இல்தான் தொடங்கியதா?

கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிள் 1453-இல் துருக்கியர் கைக்குப் போனது. அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் தங்கள் சுவடிகளை எடுத்துக்கொண்டு இத்தாலிக்கு ஓடிவந்தார்கள். அதனால் ஐரோப்பாவில் மறுமலர்ச்சி தோன்றியது. நம்மில் பலர் இப்படித்தான் பள்ளியில் படித்து, தேர்விலும் எழுதியிருக்கிறோம். இந்தக் காரணம் சரிதானா, மறுமலர்ச்சிக்காரர்கள் உண்மையில் எதை நினைத்தார்கள், அதில் இன்றுவரை மிஞ்சியிருப்பது என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

முதல் கேள்விக்கு ஆண்டுகளே பதில் சொல்லிவிடுகின்றன. மறுமலர்ச்சியின் முதல் மனிதர் என்று வழக்கமாகக் குறிப்பிடப்படும் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், 1453-க்கு 79 ஆண்டுகள் முன்பே, 1374-இல் இறந்துவிட்டார். ஃபிளாரன்ஸ் நகரில் கிரேக்கப் பாடம் தொடங்கி 1453-க்குள் 56 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்நகரப் பேராலயத்தின் மீது புரூனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடம் 1436-லேயே முடிந்துவிட்டது. தட்டைச் சுவரில் ஆழம் தெரியுமாறு வரைந்து காட்டிய மசாச்சோ 1428-லேயே, முப்பது வயதைத் தொடுவதற்குள் மறைந்துவிட்டார். பிள்ளை பிறந்து வளர்ந்து ஆளான பிறகு நடந்த ஒன்றை அதன் பிறப்புக்குக் காரணமாகச் சொல்ல முடியாது. 1453-க்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஆனால் அது தொடக்கத்தில் இல்லை, நடுவில் வருகிறது.

மறுமலர்ச்சி என்றதும் லியனார்டோவும் மைக்கேலாஞ்சலோவும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் அவர்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இத்தாலியில் வேறொரு வேலை அமைதியாக நடந்துகொண்டிருந்தது. பழைய சுவடிகளைத் தேடி எடுப்பது, கிடைத்த படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதம் குறிப்பது, ஒரு சொல்லைப் பார்த்தால் எழுதியவர் காலத்தில் அதற்கு என்ன பொருள் இருந்தது என்று கேட்பது ஆகியவைதான் அந்த வேலை. மறுமலர்ச்சியின் வேர் இந்த வாசிப்பு முறையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. சமயம், உடற்கூறியல், வானியல் ஆகியவற்றில் பின்னர் நிகழ்ந்த பெரிய மாற்றங்கள் பலவற்றைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், ஏதாவது ஒரு சுவடியின் முன்னால் போய் நிற்போம்.

இது ஏன் இத்தாலியில் தொடங்கியது? செல்வம் ஒரு காரணம். ஃபிளாரன்ஸ் 1252 முதல் அச்சிட்ட ஃபுளோரின் என்ற தங்கக்காசு ஐரோப்பா முழுவதும் செல்லுபடியானது. கம்பளித் தொழிலும் வட்டிக்கடை வணிகமும் அந்நகரை வளர்த்தன. ஆனால் பணம் மட்டும் காரணமாக இருந்திருந்தால், அதே அளவு செழிப்பாக இருந்த பெல்ஜியத்துத் துணி நகரங்களிலும் இதே போன்ற ஒன்று தொடங்கியிருக்க வேண்டும். வட இத்தாலிய நகரங்கள் பல, தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட குடியரசுகள். உடன்படிக்கை, தீர்ப்பு, அண்டை நகரத்துக்கான கடிதம் என்று எல்லாவற்றையும் எழுதுவதற்கு லத்தீன் தெரிந்த ஆவண எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் அங்கே பெருங்கூட்டமாகத் தேவைப்பட்டார்கள். நல்ல லத்தீன் எழுதுவது அவர்களுக்குப் பிழைப்பு. தங்கள் மொழிநடையைக் கூர்மையாக்கிக்கொள்ளவே அவர்கள் பழைய ரோம எழுத்தாளர்களிடம் திரும்பினார்கள். பதுவா நகரத்து ஆவண எழுத்தரான அல்பெர்த்தினோ முஸ்ஸாத்தோ, பழைய ரோம நாடகத்தைப் பின்பற்றிக் கொடுங்கோலன் ஒருவனைப் பற்றி எழுதிய துன்பியல் நாடகத்துக்காக 1315-இல் தன் ஊரிலேயே கவிஞராக முடிசூட்டப்பட்டார். அப்போது பெட்ரார்க் பதினொரு வயதுச் சிறுவன்.

அந்தச் சிறுவன் வளர்ந்து 1345-இல் வெரோனா நகரத்துப் பேராலய நூலகத்தில் பழைய ரோமப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். அதுவரை ஐரோப்பியப் படிப்பாளிகளுக்குச் சிசரோ என்றால் கறைபடாத ஞானி, தத்துவ ஆசிரியர். கடிதங்களிலோ வேறொரு மனிதர் இருந்தார்: அரசியலில் பக்கம் மாறுகிறவர், பயப்படுகிறவர், வீண்சண்டைகளில் தலையிட்டு வருந்துகிறவர். மனம் புண்பட்ட பெட்ரார்க், இறந்து பதினான்கு நூற்றாண்டு ஆகிவிட்ட அந்த மனிதருக்கே கடிதம் எழுதினார். முதுமையில் இந்தச் சச்சரவுகள் உமக்கு எதற்கு என்று அதில் கடிந்துகொண்டார். இதை ஒரு கவிஞரின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது. பழைய நூலை எக்காலத்துக்கும் பொதுவான ஆணையாகப் படித்துவந்த இடத்தில், குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட நெருக்கடியில் வாழ்ந்த ஒரு மனிதரின் பேச்சாகப் படிக்கத் தொடங்கியது இங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. அவர் காலம் வேறு, என் காலம் வேறு என்ற இடைவெளி உணர்வு பெட்ரார்க்கிடம் ஓர் ஏக்கமாகப் பிறந்து, அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஓர் ஆய்வுக் கருவியாக வளர்ந்தது.

பெட்ரார்க்குக் கிரேக்கம் தெரியாது. ஹோமரின் கிரேக்கச் சுவடி ஒன்று அவரிடம் இருந்தும் அதைப் படிக்க முடியாமல் தவித்தார். அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர், ஃபிளாரன்ஸ் அரசின் தலைமைச் செயலராக 1375 முதல் 1406 வரை இருந்த கொலுச்சியோ சலுத்தாத்தி. அவர் முயற்சியால் 1397-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து மானுவேல் கிறிசோலோராஸ் ஃபிளாரன்ஸுக்கு வந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கிரேக்கம் கற்பித்தார். அவர் வெறும் ஆசிரியரல்லர்; துருக்கியருக்கு எதிராக மேற்கின் உதவியைத் தேடிவந்த பேரரசரின் தூதரும்கூட. ஆகவே துருக்கியப் படையெடுப்புக்கும் மறுமலர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பது பொய்யல்ல. அந்தத் தொடர்பு நகரம் விழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது, அதுவும் இத்தாலியர்களே அழைத்ததால் தொடங்கியது என்பதைத்தான் பாடப்புத்தகம் விட்டுவிட்டது.

அந்த வகுப்பிலிருந்து வெளிவந்த மொழிபெயர்ப்புகளில் ஒன்று, 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் தாலமியின் புவியியல் நூல். கிறிசோலோராஸின் மாணவர் யாக்கொப்போ ஆஞ்செலி அதை 1410 அளவில் லத்தீனில் முடித்தார். பூமியுருண்டையின் மேல் கோடுகள் வரைந்து ஊர்களைக் குறிக்கும் முறை அதன் வழியாகவே மேற்கு ஐரோப்பாவில் பரவியது. முசிறி, கொற்கை, பாண்டியரின் தலைநகரான மதுரை ஆகிய பெயர்களும் அந்த ஊர்ப்பட்டியலில் இருந்தன என்பது தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

சுவடி தேடியவர்களில் போஜ்ஜோ பிராச்சியோலினியைப் போல் வேறு யாரும் இல்லை. போப்பின் செயலகத்தில் எழுத்தராக இருந்த அவர், கான்ஸ்டன்ஸ் நகரில் 1414 முதல் 1418 வரை நடந்த திருச்சபைப் பேரவைக்குச் சென்றிருந்தபோது, அவருடைய எசமானரான போப் பதவியிழந்தார். வேலையற்றிருந்த நாட்களில் அவர் அக்கம்பக்கத்து மடாலயங்களைத் துழாவினார். 1416-இல் செயின்ட் காலன் மடத்தில், பேச்சுக்கலையும் கல்வியும் பற்றிக் குவிண்டிலியன் எழுதிய நூலின் முழுப்படி, ஒரு கோபுரத்தின் அடியில் இருண்ட சிறை போன்ற அறையில், தூசும் பூஞ்சையுமாகக் கிடந்ததைக் கண்டார். அடுத்த ஆண்டு பழைய ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸின் கவிதைநூல் கிடைத்தது. உலகம் அணுக்களால் ஆனது என்றும், தெய்வங்கள் மனிதர் விஷயத்தில் தலையிடுவதில்லை என்றும், சாவுக்குப் பிறகு அஞ்ச ஒன்றுமில்லை என்றும் சொல்லும் நூல் அது. எண்பது ஆண்டுகள் கழித்து இளைஞராக இருந்த மாக்கியவெல்லி, பின்னாளில் அரசியல் எழுத்தாளராகப் புகழ்பெற்றவர், அந்நூல் முழுவதையும் தன் கையாலேயே படியெடுத்தார். அந்தப் படி இன்றும் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

போஜ்ஜோவும் அவருடைய நண்பர் நிக்கோலோ நிக்கோலியும் இன்னொரு காரியத்தையும் செய்தார்கள். அந்நாளில் வழங்கிய நெருக்கமான, கூர்முனைகள் நிறைந்த எழுத்தை விட்டுவிட்டு, தாங்கள் கண்டெடுத்த பழைய படிகளில் இருந்த தெளிவான, உருண்டையான எழுத்தைப் பின்பற்றி எழுதத் தொடங்கினார்கள். பழைய ரோமரின் எழுத்து என்று நம்பியே அதைத் தேர்ந்தார்கள். உண்மையில் அது பேரரசர் சார்லமேன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டு மடாலயங்களில் வழங்கிய எழுத்து. இருண்ட காலம் என்று அவர்கள் இகழ்ந்த அதே காலத்துத் துறவிகள்தான் ரோம இலக்கியத்தின் பெரும்பகுதியைப் படியெடுத்துக் காத்துவைத்திருந்தார்கள். அந்த எழுத்தே பின்னர் அச்சுக்கு வந்து, ரோமன் என்ற பெயரில் இன்று நம் கணினித் திரையில் ஆங்கிலம் தோன்றும் வடிவமாக இருக்கிறது.

வாசிப்பு முறை எவ்வளவு வலிமையான ஆயுதமாக முடியும் என்பதற்கு, இத்தாலிய அறிஞர் லோரன்சோ வல்லா 1440-இல் எழுதிய ஆய்வை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் தொழுநோயைக் குணமாக்கிய போப் சில்வெஸ்டருக்கு நன்றிக்கடனாக, ரோம் நகரையும் பேரரசின் மேற்குப் பாதியையும் எழுதிக்கொடுத்தார் என்று கூறும் தானப் பத்திரம் ஒன்று பல நூற்றாண்டுகளாகப் போப்புகளின் அரசியல் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. வல்லா அந்தப் பத்திரத்தைச் சொல் சொல்லாக எடுத்து விசாரித்தார். பாரசீக ஆளுநரைக் குறிக்கும் சத்ராப் என்ற சொல் ரோமப் பேரரசரின் ஆணைக்குள் எப்படி வந்தது? மகுடத்தைக் குறிக்க எழுதியவர் கையாண்ட சொல், கான்ஸ்டன்டைன் காலத்தில் தலையில் கட்டும் துணிப்பட்டையைக் குறித்தது. அது பொன்னாலும் மணிகளாலும் ஆனது என்று பேரரசர் எப்படிச் சொல்லியிருப்பார்? கான்ஸ்டாண்டிநோபிள் தலைமை ஆயர்பீடமாக ஆவதற்கு முன்பே அது ஆயர்பீடமாகக் குறிக்கப்படுவது எப்படி? இந்த லத்தீனே 4-ஆம் நூற்றாண்டு லத்தீனாக இல்லையே? கையில் வாளோ சட்டமோ இல்லாமல், மொழியறிவை மட்டும் வைத்து, அந்தப் பத்திரம் போலி என்று அவர் நிறுவினார். பிற்கால ஆய்வாளர்கள் பெரும்பாலோர் அது 8-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்று கருதுகிறார்கள்.

வல்லா அப்போது, போப்போடு பகைகொண்டிருந்த நேப்பிள்ஸ் மன்னர் அல்போன்சோவிடம் வேலை பார்த்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு அரசியல் நோக்கம் இருந்தது. அதே பத்திரத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் குசாவின் நிக்கோலாஸும் ஐயுற்றிருந்தார். ஆனாலும் நோக்கம் எதுவாக இருந்தாலும், சான்று அனைவரும் சரிபார்க்கக்கூடிய சான்றாக இருந்தது. இலக்கணம் தெரிந்த எவரும் பத்திரத்தை எடுத்து வைத்து வல்லா சொன்னதைச் சோதிக்கலாம். அதிகாரத்தில் இருப்பவர் சொன்னார் என்பதற்காக ஒரு பத்திரம் உண்மையாகிவிடாது என்ற நிலை அறிவுலகில் இப்படித்தான் உறுதிப்பட்டது. பின்னர் வல்லாவே போப் ஐந்தாம் நிக்கோலாஸின் செயலகத்தில் சேர்ந்து கிரேக்க வரலாற்று நூல்களை மொழிபெயர்த்தார். இந்த இயக்கத்தைத் திருச்சபைக்கு எதிரான கலகம் என்று எளிமையாகச் சொல்லிவிட முடியாததற்கு இதுவே சான்று.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். மறுமலர்ச்சியின் மையக் கருத்து மனிதநேயம் என்று தமிழ்ப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். மனிதநேயம் என்றால் நமக்கு இரக்கம், பிறருக்கு உதவும் குணம் என்றே பொருள்படுகிறது. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஹியூமனிஸ்டா என்ற சொல் ஓர் ஆசிரியரின் தொழிற்பெயர்: இலக்கணம், பேச்சுக்கலை, வரலாறு, கவிதை, அறவியல் என்ற ஐந்து பாடங்களையும் கற்பிப்பவர். கடவுளை ஒதுக்கிவிட்டு மனிதனை அந்த இடத்தில் வைத்தவர்கள் என்று அவர்களைச் சொல்வதும் தவறு. பெரும்பாலோர் பக்தியுள்ள கிறித்தவர்கள். அவர்கள் நம்பியது வேறொன்று: நல்ல நூல்களை அவற்றின் மூலமொழியில் படித்து, தெளிவாகப் பேசவும் எழுதவும் கற்றவன், நகர வாழ்விலும் அரசியலிலும் பொறுப்பாக நடந்துகொள்வான். பதவி பறிக்கப்பட்டு 1513-இல் கிராமத்தில் இருந்த மாக்கியவெல்லி, மாலையில் சேறுபடிந்த துணியைக் கழற்றி அரசவை உடை அணிந்துகொண்டு பழைய ஆசிரியர்களின் நூல்களோடு அமர்வதையும், நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர்களைக் கேட்டுப் பதில் பெறுவதையும் நண்பருக்கு எழுதினார். பெட்ரார்க் சிசரோவோடு நடத்திய உரையாடலின் தொடர்ச்சியாகவே அதை நான் படிக்கிறேன்.

ஓவியத்தைப் பற்றிப் பலரும் விரிவாக எழுதியிருப்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். புரூனெல்லெஸ்கி செய்துகாட்டி, ஆல்பெர்த்தி 1435-இல் இலக்கணமாக எழுதிய, ஓவியத்தில் ஆழம் காட்டும் வரைமுறையும் பழைய ஒளியியல், வடிவியல் படிப்பிலிருந்து கிளைத்தது. அந்த ஒளியியலுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர், 11-ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம்.

இப்போது 1453-க்கு வருவோம். கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்த பெசாரியன், இரு திருச்சபைகளையும் இணைப்பதற்காக 1438-இல் கூடிய பேரவைக்கு வந்து, பின்னர் கர்தினாலாகி இத்தாலியிலேயே வாழ்ந்தவர். தன் நாட்டுத் தலைநகரம் அழிந்த செய்தி வந்ததும், மிஞ்சிய கிரேக்க நூல்களையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஆளனுப்பித் தேடி வாங்கினார், படியெடுக்கச் செய்தார். 1468-இல், 700-க்கும் மேற்பட்ட சுவடிகளை வெனிஸ் நகருக்குக் கொடையாக அளித்தார். மறுமலர்ச்சி, கான்ஸ்டாண்டிநோபிளின் வீழ்ச்சியால் பிறக்கவில்லை. ஆனால் அந்த வீழ்ச்சிக்குப் பிறகு கிரேக்க நூல்கள் அழியாமல் இருந்ததற்கு இத்தகைய மனிதர்களின் பரிதவிப்பு ஒரு காரணம்.

கான்ஸ்டாண்டிநோபிள் விழுந்த அதே பத்தாண்டில், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் தன் விவிலியத்தை அச்சிட்டு முடித்திருந்தார். 1469-இல் அச்சுக்கூடம் வெனிஸுக்கு வந்தது. அங்கே ஆல்டஸ் மனூஷியஸ் 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கிரேக்கத்தில் ஐந்து தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 1501-இல் கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய அளவில், சாய்வெழுத்தில் வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டார். சுவடியில் ஒரு பிழை திருத்தினால் அது ஒரு படியில் மட்டும் இருக்கும். அடுத்த எழுத்தர் புதிய பிழை சேர்ப்பார். அச்சில் ஒரு பிழை திருத்தினால் அது நூற்றுக்கணக்கான படிகளில் ஒரே நேரத்தில் பல ஊர்களுக்குப் போகும். அங்கிருந்து இன்னொருவர் தொடரலாம். அறிவு ஏறுமுகமாகச் சேர்ந்துகொண்டே போக முடிந்ததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

விளைவுகள் விரைவில் தெரிந்தன. புதிய ஏற்பாட்டின் லத்தீன் வடிவத்தைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு வல்லா எழுதிவைத்த குறிப்புகளை, லூவென் நகருக்கு அருகில் ஒரு மடத்தில் 1504-இல் கண்டெடுத்தவர் டச்சு அறிஞர் எராஸ்மஸ். அதே வழியில் சென்று 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பாசெல் நகரில் பதிப்பித்தார். கழுவாய் செய்யுங்கள் என்று லத்தீனில் வழங்கிய இடத்தில், கிரேக்கச் சொல்லுக்கு மனம் மாறுங்கள் என்பதே பொருள் என்று இருவரும் காட்டினார்கள். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517-இல் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவது அந்த வசனத்தைப் பற்றியதுதான். லூதர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டுக்கு எராஸ்மஸின் கிரேக்கப் பதிப்பே மூலம்.

1543-இல் வெளிவந்த இரு நூல்களும், உடற்கூறியலில் வெசேலியஸின் நூலும் வானியலில் கோப்பர்நிக்கஸின் நூலும், இந்த வரிசையைச் சேர்ந்தவையே. பதுவாவில் பேராசிரியராக இருந்த வெசேலியஸ், மருத்துவத்தில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கோலோச்சிய கேலனின் நூல்களைப் புதிய பதிப்புகளில் ஊன்றிப் படித்தவர். அவற்றைத் திருத்தும் பணியிலும் பங்கெடுத்தவர். அந்த ஊன்றிய வாசிப்பும், தன் கையால் செய்த பிணஅறுவையும் சேர்ந்தபோதுதான், கேலன் அறுத்துப் பார்த்தவை மனித உடல்கள் அல்ல, குரங்கு முதலிய விலங்குகள் என்பது அவருக்குப் பிடிபட்டது. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கேலன் எழுதியிருந்தார். அது ஒன்றே என்று வெசேலியஸ் காட்டினார். கோப்பர்நிக்கஸ் இத்தாலியில் படித்த ஆண்டுகளில், தாலமியின் வானியலைச் சுருக்கித் தெளிவாக்கிய நூல் ஒன்று அச்சில் கிடைத்தது. அது பெசாரியன் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது. பூமி நகர்கிறது என்ற எண்ணம் பழைய கிரேக்கர் சிலருக்கும் இருந்ததைச் சிசரோவிலும் புளூடார்க்கிலும் படித்தபோது தனக்கும் துணிவு வந்தது என்று அவரே தன் முன்னுரையில் சொல்கிறார். பழையதைத் தேடிப் போனவர்கள் புதியதில் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்: மூலநூலை மதித்துப் படித்ததனால்தான் அதன் பிழையும் கண்ணில் பட்டது.

இந்தக் காலத்தைப் பொற்காலமாக மட்டும் சித்திரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரிஸ்டாட்டிலும் தாலமியின் வானியலும் 12-ஆம் நூற்றாண்டிலேயே டொலேடோ முதலிய ஊர்களில் அரபிலிருந்து லத்தீனுக்கு வந்துவிட்டன. பெட்ரார்க் பரப்பிய இருண்ட காலம் என்ற படிமம் அந்த உழைப்பை மறைத்துவிட்டது. கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட 1360-களில், ஃபிளாரன்ஸ் அரசு கிறித்தவரல்லாத அடிமைகளை இறக்குமதி செய்ய அனுமதித்தது. மனிதனின் மாண்பைப் பற்றிப் பேசிய வீடுகளிலேயே அப்படி வந்த அடிமைப் பெண்கள் ஊழியம் செய்தார்கள். புதிய கல்வி பெண்களுக்கு அரிதாகவே கிட்டியது. வெனிஸைச் சேர்ந்த கசாண்ட்ரா ஃபெதேலே 1487-இல் பதுவா பல்கலைக்கழகத்தில் லத்தீனில் உரையாற்றிப் புகழ்பெற்றார். அவ்வளவு கற்றும் அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பதவி தரவில்லை.

மிஞ்சியிருப்பது என்ன என்ற கடைசிக் கேள்விக்கு, கலை, அறிவியல் என்று பொதுவாகச் சொல்லாமல், நம் பக்கம் வந்து சேர்ந்த ஓர் இழையைக் காட்டுகிறேன். 1540-இல் தொடங்கிய இயேசு சபை, தன் கல்லூரிகளுக்கு இந்த இலக்கணம், பேச்சுக்கலை, கவிதைப் பாடத்திட்டத்தையே எடுத்துக்கொண்டது. அச்சபையைச் சேர்ந்த போர்ச்சுகீசியத் துறவி என்றிக்கே என்றிக்கஸ், முத்துக்குளித்துறையில் தமிழ் கற்று, லத்தீன் இலக்கணச் சட்டகத்தை வைத்துத் தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கத்தை வெளியிட்டார். பதினாறு பக்கமே உள்ள அந்தச் சிறு நூல் மறைபரப்புக்காக அச்சிடப்பட்டது. அதே சபையின் இத்தாலியப் பள்ளிகளில் சிசரோவையும் வர்ஜிலையும் படித்து வளர்ந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி, 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவராகத் தமிழகத்தில் வாழ்ந்தபோது, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்து, விளக்கக் குறிப்புகளும் சேர்த்தார். வேற்றுமொழியின் பழைய நூல் ஒன்றை அதன் மூலத்திலேயே கற்று, சொல் சொல்லாகப் பொருள் ஆய்ந்து, தன் மொழியில் தருவது என்ற அந்தப் பயிற்சியை அவருக்குக் கொடுத்த பள்ளிகளின் பாடத்திட்டம், ஃபிளாரன்ஸிலும் பதுவாவிலும் உருவானது.